வேண்டாமென்று சொல்ல முடியுமா?

ஊவா மலைகளில் ஏழெட்டுத் தோட்டங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு பங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பங்குச் சுவாமியாருக்கு வெளிநாட்டுக் கோயில் ஒன்றிலிருந்து கடிதம் வருகிறது. அந்தக் கோயிலைச் சேர்ந்த பதினான்கு பேர் ஆகஸ்ட் விடுமுறையில் பத்து நாட்கள் வந்து மறைபரப்புத் தொண்டு செய்ய விரும்புகிறார்கள். தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு வர்ணம் பூசுவார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் வேதக் கதையும் நடத்துவார்கள். லயன் லயனாகப் போய்ச் செபிப்பார்கள். போகும்போது கூரைத் தகரத்துக்கென்று ஒரு தொகையும் விட்டுச் செல்வார்கள். கடைசி வரியில், உங்களுக்குச் சம்மதந்தானா என்று மிகவும் பணிவாகக் கேட்டிருக்கிறார்கள்.

சுவாமியார் என்ன பதில் எழுதுவார் என்பது உங்களுக்குத் தெரியும். "வாருங்கள், மகிழ்ச்சி" என்றுதான் எழுதுவார். மழைக்கு ஒழுகும் கூரை அவர் கண்முன் இருக்கிறது. வேறெதை அவர் எழுதியிருக்க முடியும்?

இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான். இப்படிப்பட்ட பயணங்கள் நல்லவையா கெட்டவையா என்று பொதுப்படையாகத் தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. வருகிறவர்களின் நல்ல மனத்தைச் சந்தேகிக்கவும் இல்லை. தங்கள் விடுமுறையையும் சேமிப்பையும் செலவழித்து, முகம் அறியாத மக்களைத் தேடி மலையேறி வருகிறவனை ஏளனம் செய்வது எளிது. வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே செய்யலாம். ஆனால் கொடுக்கிறவன் நல்லவன் என்பதனால் மட்டும் கொடை நல்லதாகிவிடுவதில்லை. வாங்குகிறவனுக்கு "வேண்டாம்" என்று சொல்லும் சுதந்திரம் இருந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது புதிய போதனையன்று. நம்முடைய விவாகச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீடத்தின் முன்னின்று "சம்மதம்" என்று உரக்கச் சொன்னாலும், அந்தச் சொல் பலவந்தத்தினாலோ பெரும் பயத்தினாலோ வந்திருந்தால் விவாகம் செல்லாது என்கிறது திருச்சபை. வாய் சொன்னது போதாது. இல்லையென்று சொல்லவும் வழி இருந்திருக்க வேண்டும். வறுமையும் ஒருவகைப் பலவந்தந்தான். ஒழுகும் கூரையின் கீழ் நிற்பவனிடம் கூரைத் தகரத்தைக் காட்டிச் சம்மதம் கேட்டால், அவன் சொல்லும் "ஆம்" எவ்வளவு பெறும்?

வருகிறவர்கள் இதை அறிவதில்லை. தங்களுக்குக் கிடைத்த வரவேற்பை அன்பென்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது அன்புதான். ஆனால் பூமாலையோடு வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு அன்று மாலை போடச் சொல்லிக் கொடுத்தது யார், ஏன் என்பதை அவர்கள் கேட்பதில்லை.

இனி வேதாகமத்தைப் பார்ப்போம். "பத்து நாளில் என்ன மறைபரப்பு?" என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் பாதிதான். ஆண்டவரே எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்பினார் என்று லூக்காஸ் தமது நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அது குறுகிய பயணமே. போனார்கள், திரும்பி வந்தார்கள், நடந்ததை மகிழ்ச்சியோடு சொன்னார்கள். புனித சின்னப்பரும் எல்லா ஊரிலும் நெடுநாள் தங்கியவரல்லர். கொரிந்தில் ஒன்றரை வருடமும் எபேசில் ஏறக்குறைய மூன்று வருடமும் இருந்தவர், தெசலோனிக்கேயை விட்டுச் சில வாரங்களில் இரவோடிரவாகப் புறப்பட நேர்ந்தது. ஆகவே நாட்களை எண்ணி மட்டும் குற்றம் சாட்ட முடியாது.

ஆனால் அந்த எழுபத்திரண்டு பேருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையைக் கவனியுங்கள். பணப்பை வேண்டாம், பை வேண்டாம், மிதியடியும் வேண்டாம். எந்த வீட்டில் நுழைகிறீர்களோ அங்கேயே தங்குங்கள், வைத்ததை உண்ணுங்கள், வீடு மாறாதீர்கள். அதாவது அவர்கள் விருந்தாளிகளாக அனுப்பப்பட்டார்கள், தருமப் பிரபுக்களாக அல்ல. பசியோடு போய் வாசலில் நின்றார்கள். ஊராருக்கோ அவர்களை ஏற்கவும் மறுக்கவும் முழு உரிமை இருந்தது. மறுத்தால் பாதத்துத் தூசியைத் தட்டிவிட்டுப் போகச் சொன்னார் ஆண்டவர். அந்த ஊருக்கு அவர் சொன்ன தீர்வை எச்சரிக்கை கடுமையானதுதான். அது கடவுளுக்கும் அந்த ஊருக்கும் இடையிலான காரியம். ஆனால் மறுத்ததனால் எந்த ஊரும் ஒரு கூரைத் தகரத்தை இழக்கவில்லை. வந்தவர்களிடம் கொடுக்கத் தகரம் இல்லை. நற்செய்தியைத் தவிர வேறொன்றும் அவர்கள் கையில் இல்லாதபடியால், கேட்டவர்கள் நற்செய்திக்காக மட்டுமே ஏற்றார்கள் அல்லது தள்ளினார்கள். வெறுங்கையோடு அனுப்பியதன் காரணங்களில் இதுவும் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது லயன் காம்பராவுக்கு வருவோம். வெளிநாட்டார் வருகிறார்கள் என்று கேட்டதும் வீட்டுக்காரி பக்கத்துக் காம்பராவில் சீனி கடன் வாங்கி, இருப்பதில் நல்ல கோப்பையைக் கழுவித் தேத்தண்ணி வைப்பாள். வந்தவர் புன்னகையோடு கையசைத்து வேண்டாம் என்பார். தண்ணீரைப் பற்றிப் புறப்படுமுன் அவருக்கு எச்சரித்திருக்கிறார்கள். கொதித்த தண்ணீரில் போட்ட தேயிலை யாருடைய வயிற்றையும் கெடுப்பதில்லை. இலண்டனிலும் தொரன்ரோவிலும் அவர் தினமும் குடிப்பது அவள் கிள்ளிய கொழுந்தாகவும் இருக்கலாம். அதே கொழுந்தை அவள் கையாலே வாங்கிக் குடிக்க மட்டும் அவருக்கு அச்சம்.

சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். கொடுக்கும் பாக்கியம் அந்த நிமிடத்தில் அவளிடமிருந்து பறிக்கப்படுகிறது. எலியாஸ் தீர்க்கதரிசி பஞ்ச காலத்தில் சரேப்தா என்னும் அந்நிய ஊருக்குப் போனபோது முதலில் செய்தது என்ன? ஒரு கைப்பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே மிஞ்சியிருந்த ஏழை விதவையிடம், எனக்கு முதலில் ஒரு அப்பம் செய்து தா என்று கேட்டார். பார்ப்பதற்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் அந்தக் கேள்வியினால் அவள் பரிதாபத்துக்குரியவளாக இருந்த நிலை மாறி வீட்டுக்காரியானாள். அதற்குப் பிறகுதான் மாவு குறையாத அற்புதம்.

நம் நாட்டுக்கு வந்த போதகர்களில் முதன்மையானவரும் இப்படியே வந்தார். புனித யோசேப் வாஸ் அடிகள் 1687ஆம் ஆண்டு கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது நோயாளி. உள்ளூர் மக்கள் கொடுத்த கஞ்சியினால் பிழைத்தார். தமிழையும் சிங்களத்தையும் கற்று, திரும்பிப் போகாமலே 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தபோது நம்மில் எத்தனையோ பேர் காலிமுகத்திடலில் நின்றோம். ஒரு கோப்பைக் கஞ்சியில் தொடங்கிய மறைபரப்பு அது.

ஊவாவிலேயே இன்னொருவர் உண்டு. 1972ஆம் ஆண்டு கண்டியிலிருந்து பிரிந்து பதுளை தனி மறைமாவட்டமானபோது, கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்தப் பெரிய மறைமாவட்டத்தை விட்டு இந்தச் சிறிய, வறிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்தார். 1982இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். குருக்களைப் புதுமுறையில் பயிற்றுவிக்கப் பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக செவனவுக்கு வந்து உதவியவர் அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் ரொட்ரிகோ. உரோமையிலும் பாரிசிலும் படித்து இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர். அந்தப் பட்டங்களோடு அவர் எங்கே போனார்? 1980இல் புத்தளை அருகே, முழுவதும் பௌத்தர்களே வாழ்ந்த ஒரு கிராமத்துக்கு. அங்கே சுபசெத் கெதர என்ற பெயரில் சிறு வீடொன்றை அமைத்து, இரண்டொரு அருட்சகோதரிகளுடன் வாழ்ந்தார். யாரையும் மதம் மாற்ற அவர் போகவில்லை. ஆரம்பத்தில் கிராமத்தார் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று பொறுத்திருந்தார். மூலிகை மருந்தும் பிள்ளைகளின் படிப்பும் காணி பறிபோன விவசாயிகளின் துயரமும் மெல்ல மெல்ல அவருடைய காரியங்களாயின. 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். புறப்பட்டுப் போய்விடலாம் என்ற நிலை வந்த பிறகும் அவர் இருந்தார்.

எல்லோரும் மைக்கல் அடிகளாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கிராமம் அவரைச் சந்தேகிக்கவும் தள்ளிவைக்கவும் முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய காலத்தை அவர் அவர்களுக்குக் கொடுத்தார். பத்து நாளில் ஒருவரைச் சந்தேகித்து முடிக்கக்கூட நேரம் போதாது.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். பார்க்காமல் விடுவது பக்தியாகாது. ஒருவருக்கு விமானப் போக்குவரத்துக்கு இரண்டு லட்சம் ரூபா என்று குறைவாகவே வையுங்கள். 2024ஆம் ஆண்டு வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர். இல்லாவிட்டால் அரைப் பேர். முழுப் பேராகவே வைத்தாலும் அந்த ஒரு பயணச்சீட்டு 148 நாட் சம்பளம். பதினான்கு பேருக்கு இருபத்தெட்டு லட்சம். கோயிலுக்கு வர்ணம் பூசத் தோட்டத்திலேயே வேலையில்லாத இளைஞர்கள் தூரிகையோடு காத்திருக்க, அந்த வேலைக்காக ஆகாயமார்க்கமாக ஆட்கள் வருகிறார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. 1998இல் மிச் என்னும் பெரும் புயல் மத்திய அமெரிக்காவில் ஹொண்டுராஸ் நாட்டை அழித்த பிறகு வட அமெரிக்கக் கிறிஸ்தவக் குழுக்கள் பல அங்கே போய் வீடு கட்டின. சில வருடங்களுக்குப் பின் கேர்ட் வெர் பீக் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்தார். உள்ளூர் நிறுவனம் ஏறத்தாழ 2,000 டொலரில் கட்டிய வீட்டுக்கு, குழுவினரின் பயணச் செலவையும் சேர்த்தால் சுமார் 30,000 டொலர் ஆனது. வெளிநாட்டார் கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் வாழ்வில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. வந்து போனவர்களும் தாங்கள் எண்ணிய அளவுக்கு மாறிவிடவில்லை. இதற்கும் முன்பே, 1968 ஏப்ரலில், மெக்சிக்கோவில் தொண்டு செய்யத் தயாராகி வந்திருந்த அமெரிக்க மாணவர்களின் முன் பேசிய இவான் இலிச் என்ற குரு, நீங்கள் வரவே வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம்.

இலிச்சின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அவரோடு முழுக்கப் போக என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் இந்த மலைநாட்டின் சரித்திரமே. எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களில் பஞ்சம். ரேஷன் மா குறைந்து, வேலைநாள் குறைந்து, லயன்களில் பட்டினிச் சாவு. யார் கேட்டார்? வாக்குரிமை இல்லாத மக்களின் பசி எந்தத் தேர்தலையும் அசைப்பதில்லை. 1973இல் பிரித்தானியக் கிரனடா தொலைக்காட்சியார் கமெராவோடு வந்து படம் பிடித்துப் போனார்கள். அடுத்த வருடம் வார் ஒன் வோண்ட் என்ற தொண்டு நிறுவனம் தேயிலைத் தோட்டங்களின் நிலைபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தங்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் என்ன இருக்கிறதென்று பிரித்தானிய மக்கள் முதன்முறையாகக் கேட்டார்கள். படம் பிடித்தவர்கள் எத்தனை நாள் இங்கே தங்கியிருப்பார்கள்? கொஞ்ச நாட்கள்தான். சுவருக்கு வர்ணம் பூசவில்லை. பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கவும் வரவில்லை. பார்த்ததைத் தங்கள் நாட்டிலே, தங்கள் கம்பனிகளின் முகத்துக்கு எதிரே சொன்னார்கள். இங்குள்ளவன் ஆயிரம் முறை சொன்னாலும் அங்கே எட்டாத சொல்லை அவர்களால் சொல்ல முடிந்தது.

குறுகிய பயணம் ஒன்று செய்யக்கூடிய மெய்யான வேலை இதுதான் என்று தோன்றுகிறது: சாட்சி சொல்லுதல். அந்த வேலை பத்து நாள் முடிந்து விமானம் ஏறிய பிறகே தொடங்குகிறது. (கண்புரை வெட்டும் வைத்தியர்கள் வேறு. அவர்களுடைய வேலை அன்றே முடிகிற வேலை. பின்னர் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரி இருந்தால் போதும்.) ஆனால் நடப்பதென்ன? செருப்பில்லாத பிள்ளை லயன் வாசலில் நிற்கும் படம் ஒன்று எடுக்கப்படுகிறது, தாயிடம் கேளாமலே. அந்தப் படம் அந்நிய ஊரின் கோயில் மண்டபத்தில் காட்டப்படுகிறது. பிள்ளை ஏன் செருப்பில்லாமல் நிற்கிறது, தேயிலை ஏலத்தில் விலை யார் கைக்குப் போகிறது என்ற பேச்சு அந்த மண்டபத்தில் எழுவதில்லை. உண்டியல் மட்டும் சுற்றி வருகிறது.

பொருள் கொண்டுவருவது இந்தக் காலத்தில் பெரிய காரியமன்று. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. சில நாட்களிலேயே பாயும் பாத்திரமும் உடுப்பும் லொறி லொறியாக வந்து குவிந்தன. எல்லாச் சமயத்தாரும் கொண்டுவந்தார்கள், அதை மறக்கலாகாது. ஆனால் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் மறைப்புத் துணிகளுக்கிடையே குடியிருந்து, புதிய வீடுகளைக் காண 2016ஆம் ஆண்டின் பிற்பகுதி வந்துவிட்டது. அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேர் திரும்பி வந்து, காணி உறுதி என்னாயிற்று என்று விசாரித்தார்கள்? அந்த மலை ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடைப்பட்ட வருடங்களில்தான் ஒரு சாட்சி தேவைப்பட்டார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்தின் மலைகளைக் கிழித்தபோது மீண்டும் லொறிகள் வந்தன.

வெளிநாட்டுப் பயணம் என்று பேசும்போது இன்னொரு கூட்டத்தையும் நான் நினைக்காமலிருக்க முடியாது. பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் நம் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் போகிறார்கள். பத்து நாளுக்கல்ல, இரண்டு வருடத்துக்கு. அவர்களைப் பீடத்தின் முன் நிறுத்தி யாரும் ஆசீர் கொடுத்து அனுப்புவதில்லை. போவது மறைபரப்புக்கு என்று அவர்களும் நினைப்பதில்லை. அந்நியர் வீட்டில், வைத்ததை உண்டு, அந்நியர் பிள்ளையை வளர்த்து, இரவில் செபமாலையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு உறங்குகிறார்கள். எழுபத்திரண்டு பேருக்குச் சொன்ன நிபந்தனைகள் யாரிடம் நிறைவேறுகின்றன என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுவாமியார் அந்தக் கடிதத்துக்கு என்னதான் எழுதலாம்? முதலில் பணத்தையும் பயணத்தையும் பிரித்துவிடலாம். கூரைத் தகரத்துக்கு உதவ விரும்பினால் உதவுங்கள், வருவதானாலும் வராவிட்டாலும். அதை எழுதித் தாருங்கள் என்று கேட்கலாம். இது மரியாதைக் குறைவு என்று சிலர் முகஞ்சுளிப்பார்கள். ஆனால் அந்த ஒரு வரியினால்தான் பங்குக்கு "வேண்டாம்" என்று சொல்லும் வாய் திரும்பக் கிடைக்கிறது. அதன் பின் சொல்லும் "வாருங்கள்" மெய்யான அழைப்பாகிறது. பதினான்கு பேருக்குப் பதிலாக இரண்டு பேரை அனுப்பும்படி கேட்கலாம். அவர்கள் உபதேசியார் வீட்டில் தங்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை குரு வந்து பூசை வைத்துவிட்டுப் போகும் தோட்டங்களில், மிச்ச ஞாயிறுகளில் சனத்தைக் கூட்டிச் செபம் சொல்லுகிறவர் அவர். விசுவாசத்தைப் பற்றி வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அவரிடம் நிறைய உண்டு. வர்ணம் பூச அவர்கள் வர வேண்டாம். பிள்ளைகளின் படமும் வேண்டாம். அடுத்த வருடம் அதே இரண்டு பேர் வந்தால் நல்லது.

இவையெல்லாம் வெள்ளைக்காரருக்கும் வெளிநாட்டுத் தமிழருக்கும் சொன்னவை என்று நீங்கள் பத்திரிகையை மடித்துவிட வேண்டாம். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் நத்தார் காலத்தில் வாலிபர் சங்கங்களும் மறைக்கல்விப் பிள்ளைகளும் பஸ் பிடித்துத் தோட்டங்களுக்கு வருகிறார்கள். ஒரு பகல் பொழுது. பாட்டு, பொதி, படம், திரும்பிப் போகும் வழியில் எல்லவில் ஒரு நடை. நமக்கும் பங்குச் சுவாமியார்கள் "வாருங்கள்" என்றுதான் எழுதுகிறார்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை உலர்ந்த காற்றடிக்கும் காலம். உலகம் புகழும் வாசனைத் தேயிலை அப்போதுதான் உண்டாகிறது. ஆனால் கொழுந்து குறைவு, பேரும் குறைவு. ஆகஸ்டில் வருகிறவர் நீல வானத்தையும் உலர்ந்த கூரையையும் பார்த்துவிட்டுப் போவார். அக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. நத்தார் பஸ் வருவது அந்த மழையில்தான் என்றாலும், பகலில் வந்து பகலிலேயே போய்விடுகிறது. லயன் கூரை ஒழுகுவது இரவில். பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகளோடு மூலையில் உட்கார்ந்திருப்பதும், பின்னாலிருக்கும் மண்மேட்டில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பதும் இரவில்தான். அடுத்த நத்தாருக்குப் பஸ்ஸை முன்பதிவு செய்யுமுன், இரண்டு பேர் மட்டும் நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு தங்க முடியுமா என்று உபதேசியாரிடம் கேட்டுப் பாருங்கள். இடமில்லை என்று அவர் சொன்னால், இடமில்லை என்பதுதான் பதில்.